இரு முறை கண்டறியப்பட்ட நோய்: அந்தமான் காமாலையும் சிறுநீரகத்தின் உப்புக் கணக்கும்

1988ஆம் ஆண்டு. வட அந்தமானின் திக்லிபூர் பகுதியில் பருவமழை ஓயும் தறுவாயில் வயல் வேலைக்குச் சென்றவர்கள் காய்ச்சலோடு படுத்தனர். தலைவலி, கெண்டைக்கால் தசைகளில் தாங்கவொண்ணா வலி, கண் சிவப்பு என்று தொடங்கிய நோய், சிலருக்கு மூச்சுத் திணறலாகவும் இருமலில் இரத்தமாகவும் முற்றியது; சிலர் உயிரிழந்தனர். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே பருவத்தில் அதே நோய் திரும்பி வந்தது. காரணம் புலப்படாத நிலையில் மருத்துவ உலகம் அதற்கு ஒரு தற்காலிகப் பெயரைச் சூட்டியது: ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’.

அந்நோய்க்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. அதை உண்டாக்கும் நுண்ணுயிரி அதே தீவுக்கூட்டத்தில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, நோயாளிகளின் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிய முழு ஆய்வேடு 1931இல் அச்சாகி நூலகங்களில் இருந்தது. ஒரே நோயை ஒரே மண்ணில் இரண்டு முறை கண்டுபிடிக்க நேர்ந்தது எவ்வாறு என்பது மருத்துவ வரலாற்றின் கேள்வி. அந்த மறதியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டாம் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, மனிதச் சிறுநீரகத்திற்குள் நடைபெறும் உப்புக் கணக்கில் அடங்கியுள்ளது.

*கைதிகளின் காமாலை*

1857 கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1858 மார்ச் மாதத்தில் ஜே.பி. வாக்கர் தலைமையில் ஏறத்தாழ இருநூறு கைதிகளுடன் ஒரு கப்பல் அந்தமானை அடைந்தது. போர்ட் பிளேர் தண்டனைக் குடியேற்றம் அவ்வாறு தொடங்கிற்று. பின்னாளில் தமிழர் உட்பட இந்தியாவின் எல்லாப் பகுதி மக்களையும் அச்சுறுத்திய ‘காலாபானி’ அதுவே. செல்லுலர் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. ஏழு நீண்ட சிறகுகளும் 690க்கும் மேற்பட்ட தனியறைகளும் கொண்ட அக்கட்டடமே இன்று அந்தமான் என்றவுடன் நினைவில் எழுகிறது. ஆனால் குடியேற்றத்தின் பெரும்பான்மைக் கைதிகளின் வாழ்க்கை அந்தத் தனியறைகளுக்கு வெளியே கழிந்தது. காடு வெட்டுதல், சதுப்பு நிலத்தைச் சீர்படுத்துதல், வரப்பு கட்டி நெல் விளைவித்தல், மரம் இழுத்தல் ஆகியவையே அவர்களின் அன்றாடப் பணிகள். வெறுங்காலோடு சேற்றில் நின்று, ஆண்டின் பெரும்பகுதி பெய்யும் மழையில் நனைந்து செய்த பணிகள் அவை.

மலேரியாவும் வயிற்றுப்போக்கும் காசநோயும் அவர்களைக் கொன்றன. அவற்றோடு இன்னொரு நோயும் இருந்தது. காய்ச்சலுடன் கண்ணும் தோலும் மஞ்சளாகும் அந்நோயைக் குடியேற்றத்தின் மருத்துவர்கள் தனியே கவனித்தனர். 1903இல் சௌத்ரி என்ற மருத்துவர் போர்ட் பிளேரில் காணப்படும் காமாலையைப் பற்றி ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் எழுதினார். அடுத்த பத்தாண்டிற்குள் வூலி என்ற மருத்துவர் ‘அந்தமான் காமாலை’ குறித்து அதே இதழில் எழுதினார். இடத்தின் பெயரால் ஒரு நோய் அழைக்கப்பட்டது என்பதே, அது வழக்கமான ஈரல் நோயன்று என்ற ஐயம் அம்மருத்துவர்களுக்கு இருந்ததைக் காட்டுகிறது.

மஞ்சள் நிறம் கண்ணுக்குப் புலனாவது. எனவே நோய் காமாலை என்றே அறியப்பட்டது. அதே நேரத்தில் உள்ளே சிறுநீரகத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அறியும் கருவி எதுவும் அன்றைய சிறை மருத்துவரிடம் இல்லை.

*வினாக்குறி வடிவ உயிரி*

அந்தமானுக்கு வெளியே இந்த நோயின் கதை வேறு வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. 1886இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகர மருத்துவர் அடோல்ஃப் வைல், காய்ச்சலும் காமாலையும் மண்ணீரல் வீக்கமும் சிறுநீரக அழற்சியும் ஒருசேரத் தோன்றும் ஒரு நோயை விவரித்தார். ‘வைல் நோய்’ என்று இன்றளவும் வழங்குவது அதுவே. அவருடைய விவரிப்பிலேயே சிறுநீரகம் இடம்பெற்றிருந்தது கவனிக்கத்தக்கது.

1907இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவை உருப்பெருக்கியில் ஆராய்ந்தபோது, நுண்குழல்களுக்குள் மெல்லிய சுருள் உயிரிகளைக் கண்டார். முனை வளைந்த அதன் வடிவம் வினாக்குறியை ஒத்திருந்ததால், வினவுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். அதன் உண்மையான பொருள் அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1915இல் ஜப்பானின் இனாடா, இடோ ஆகியோர் வைல் நோயை உண்டாக்குவது இந்தச் சுருளுயிரியே என்று நிறுவினர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே அங்கு அந்நோய் மிகுந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் எலிகளின் சிறுநீரகத்தில் இவ்வுயிரி குடியிருப்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்களே காட்டினர். எலியை அது கொல்வதில்லை. எலியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிர்வாழ்ந்து, மனிதனின் காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியே உடலுக்குள் புகுகிறது. ‘லெப்டோஸ்பைரா’ என்ற பெயரை அதற்கு வழங்கியவர் நோகுச்சி. தமிழில் இந்நோய் எலிக்காய்ச்சல் என்று பெயர்பெற்றது. எனினும் மாடு, பன்றி, நாய் ஆகியனவும் இக்கிருமியைச் சுமப்பவையே.

இந்த அறிவு அந்தமானை எட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. டெய்லர், கோயல் ஆகிய இருவரும் 1920களின் இறுதியில் போர்ட் பிளேரில் ஆய்வு நடத்திக் கைதிகளிடம் லெப்டோஸ்பைராவை உறுதிசெய்தனர். 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி வெளியீடுகள் வரிசையின் 20ஆம் நூலாக அவர்களின் ஆய்வேடு வெளிவந்தது. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் விரிவான ஆய்வு என்ற இடம் அதற்கு உண்டு. அங்கே கிடைத்த கிருமி வகைகளுள் ஒன்றுக்கு ‘அந்தமானா’ என்ற பெயரே நிலைத்தது. அந்த வகை நோய் விளைவிக்காத இனத்தைச் சேர்ந்தது எனப் பிற்காலத்தில் வகைப்படுத்தப்பட்டது ஒரு முரண். ஆயினும் உலகின் ஆய்வகங்களில் ஒப்பீட்டு வகையாக அது தொடர்ந்து பேணப்பட்டது. தீவின் பெயர் ஆய்வகக் குப்பிகளில் நிலைத்தது. தீவின் மருத்துவமனைகளில் நோயின் பெயர் நிலைக்கவில்லை.

*உப்புக் கணக்கு*

இந்நோய் சிறுநீரகத்தில் விளைவிப்பதை விளங்கிக்கொள்ள, சிறுநீரகம் செய்யும் பணியை முதலில் காண வேண்டும்.

சிறுநீரகம் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்பது பாதி உண்மை. ஒரு நாளில் அது ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியது அனைத்தும், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் ஆகிய உப்புகளோடு, நுண்குழல்களால் மீட்டெடுக்கப்படுகிறது. எதை எவ்வளவு மீட்பது, எதை எவ்வளவு விடுவது என்ற இந்தக் கணக்கே உயிரைக் காக்கிறது.

கணக்கின் வரம்புகள் குறுகியவை. குருதியில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லி ஈக்விவலன்ட் வரையும், பொட்டாசியம் 3.5 முதல் 5 வரையும் இருத்தல் வேண்டும். உடலின் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுக்களுக்குள் உள்ளது. வெளியே உலவும் எஞ்சிய சிறு பங்கின் ஏற்றத்தாழ்வுதான் இதயத்தின் துடிப்பைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் தசைகள் தளரும், குடல் அசைவு நிற்கும், இதயம் தாளம் தப்பும். அது மிகுந்தாலும் இதயம் தாளம் தப்பும்; முன்னறிவிப்பின்றி நின்றும் போகும்.

1880களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உடலுக்கு வெளியே துடிக்கவைக்கச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய மூன்றும் சரியான அளவில் தேவை என்பதைக் காட்டினார். எனினும் நோயாளியின் குருதியில் இவற்றை விரைவாக அளக்கும் வழி நெடுங்காலம் இல்லை. பழைய வேதியியல் முறைகள் மிகுந்த உழைப்பையும் நேரத்தையும் கோரின. தீச்சுடரில் உப்புகள் காட்டும் நிறத்தைக் கொண்டு அவற்றை அளக்கும் சுடர் ஒளிமானி 1940களில்தான் மருத்துவமனைகளுக்கு வந்தது. செயற்கைச் சிறுநீரகமும் அதே பத்தாண்டின் ஆக்கமே: நெதர்லாந்தின் காம்பன் நகரில் 1943இல் வில்லெம் கோல்ஃப் அதை முதன்முதலில் நோயாளிக்குப் பயன்படுத்தினார், 1945இல்தான் அதனால் ஒருவர் பிழைத்தெழுந்தார்.

இந்தக் காலவரிசை ஒன்றைத் தெளிவாக்குகிறது. சௌத்ரியும் வூலியும் டெய்லரும் கோயலும் எவ்வளவு கூர்மையான பார்வையுடையவராயினும், காமாலைக் கைதியின் பொட்டாசியம் எவ்வளவு என்பதை அவர்கள் படுக்கையருகில் அறிந்திருக்க இயலாது. கிருமியின் பெயர் தெரிந்தபின்னும், மரணத்தின் வழிமுறை மறைந்தே இருந்தது.

*எதிர்த்திசையில் செல்லும் நோய்*

எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. பொதுவாகச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும்போது சிறுநீர் குறையும். பொட்டாசியம் வெளியேற வழியின்றிக் குருதியில் தேங்கும். மருத்துவ மாணவர் கற்கும் முதற்பாடம் அது. எலிக்காய்ச்சலின் தொடக்க நிலையில் பலருக்கு இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. கிருமி, நுண்குழல்களுக்கு இடைப்பட்ட திசுவில் தங்கி அழற்சியை உண்டாக்குகிறது. நுண்குழலின் முற்பகுதி சோடியத்தை மீட்கும் ஆற்றலை இழக்கிறது. மீட்கப்படாத சோடியம் பிற்பகுதிக்குப் பெருமளவில் செல்கிறது. அங்கே சோடியத்தை ஈர்க்கும் முயற்சியில் பொட்டாசியம் மாற்றாக வெளியேற்றப்படுகிறது. நீரைச் செறிவாக்கும் திறனும் குன்றுவதால் சிறுநீர் குறையாமல் வந்துகொண்டேயிருக்கிறது. யூரியாவும் கிரியேட்டினினும் ஏறுகின்றன, பொட்டாசியமோ இறங்குகிறது.

சாவோ பாவ்லோ ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட கட்டுரை இந்த வடிவத்தைத் தெளிவாக வரையறுத்தது. சிறுநீர் வருவதால் சிறுநீரகம் நலமாயிருக்கிறது என்று ஏமாறும் மருத்துவரும், சிறுநீரகச் செயலிழப்பென்றால் பொட்டாசியம் மிகுந்தேயிருக்கும் என்று முன்முடிவு கொள்ளும் மருத்துவரும் இங்கே தவறிழைக்கக்கூடும். பொட்டாசியம் இழந்த இந்த நோயாளிக்கு அதை ஈடுசெய்ய வேண்டும். நோய் முற்றிச் சிறுநீர் அற்றுப்போனால் நிலைமை தலைகீழாகும்: அப்போது அதே பொட்டாசியம் நஞ்சாகும். இரண்டு நிலைகளையும் பிரித்தறியக் குருதிப் பரிசோதனை ஒன்றே வழி. இந்த எளிய பரிசோதனை கிடைக்கும் இடத்திற்கும் வயலுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் பல நேரங்களில் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தொலைவு.

*மறதியின் அறுபது ஆண்டுகள்*

1931க்குப் பின் என்ன நேர்ந்தது? அரசியல் கைதிகள் 1937-38இல் தாயகச் சிறைகளுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. 1945 வரை அதன் ஆட்சி நீடித்தது. போருக்குப்பின் தண்டனைக் குடியேற்றம் முடிவுக்கு வந்தது. கைதிகளின் உடல்நலத்தைக் கணக்கெடுத்த மருத்துவ அமைப்பும் அதனோடு கலைந்தது. அந்தமான் காமாலை கைதிகளின் நோய் என்று கருதப்பட்டிருந்ததால், கைதிகள் இல்லாத அந்தமானில் அது நினைவுகூரப்படவில்லை.

ஆனால் எலியும் மழையும் சேறும் எங்கும் போய்விடவில்லை. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் தீவுகளில் குடியமர்த்தப்பட்டன. 1950களில் திக்லிபூர் உள்ளிட்ட வட அந்தமான் பகுதிகளில் காடு திருத்தப்பட்டு நெல்வயல்கள் உருவாயின. ராஞ்சிப் பகுதித் தொழிலாளர்களும், பர்மாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்களும் குடியேறினர். சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் ஒரு பகுதி, நிக்கோபார் தொகுதியின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டப் பணிக்குக் கொண்டுவரப்பட்டது. கைதி செய்த வேலையை இப்போது குடியானவர் செய்தார். சேற்றில் நிற்கும் வெறுங்கால் மாறவில்லை. காலுக்குரியவர் மட்டுமே மாறினார்.

தமிழகத்திலும் இந்நோய் நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்தது. 1980களில் சென்னையில் இரத்தினம் முதலிய ஆய்வாளர்கள், காரணம் தெரியாத காய்ச்சலும் காமாலையும் கொண்டவர்களின் குருதியில் லெப்டோஸ்பைராவுக்கான எதிர்ப்பொருள்களைக் கண்டனர். முத்துசேதுபதி, சிவகுமார் முதலிய சிறுநீரக மருத்துவர்கள், சென்னையில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வருவோரிடையே எலிக்காய்ச்சலின் பங்கைச் சுட்டிக்காட்டினர். தேடியவர்களுக்கு அது கிடைத்தது. தேடாத இடங்களில் அது கல்லீரல் அழற்சியாகவும் மலேரியாவாகவும் எழுதப்பட்டது.

அந்தமானில் தேடல் தொடங்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் 1983இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டது. 1993இல் திக்லிபூரில் நோய் மீண்டும் பரவியபோது, சேகல், முர்ஹேகர், சுகுணன் ஆகிய அம்மைய ஆய்வாளர்கள் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்தனர். அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று ஐந்தாண்டுகளாக வழங்கிய நோய், நுரையீரலைத் தாக்கும் எலிக்காய்ச்சலே என்று நிறுவப்பட்டது. 1995இல் அந்த முடிவு அச்சில் வந்தது. நுரையீரல் இரத்தக்கசிவு மேலோங்கிய இவ்வடிவம், சிறை மருத்துவர்கள் கண்ட காமாலை வடிவத்திலிருந்து தோற்றத்தில் வேறுபட்டிருந்தது உண்மை. நோயின் முகம் மாறியிருந்தது மறதிக்கு ஒரு நியாயமான காரணம். எனினும் மழைக்காலம், நெல்வயல், காய்ச்சல், அந்தமான் என்ற நான்கும் ஒருசேர வந்தபோது பழைய ஆய்வேட்டை யாரேனும் புரட்டியிருந்தால், ஐயம் முன்னரே எழுந்திருக்கும். பென்சிலினும் டாக்சிசைக்ளினும் தொடக்க நிலையில் கொடுக்கப்படத்தக்க, எங்கும் கிடைக்கும் மலிவான மருந்துகள். பெயர் தெரியாத நோய்க்கு அவற்றைக் கொடுக்க எவருக்கும் தோன்றாது.

கண்டறிதலோடு அம்மையம் நின்றுவிடவில்லை. வட அந்தமானில் 782 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒரு பிரிவினருக்கு மழைக்காலத்தில் வாரந்தோறும் டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரை. கிருமித் தொற்று இரு பிரிவிலும் ஏற்பட்டது. ஆனால் நோயாக வெளிப்பட்டது மருந்து உண்டவரில் 3.11 விழுக்காட்டினருக்கும், உண்ணாதவரில் 6.82 விழுக்காட்டினருக்கும். 2000இல் வெளியான இந்த முடிவு, கடும் தொற்றுப் பகுதிகளில் தடுப்பு மருந்து பற்றிய உலகளாவிய விவாதத்தில் தவறாது எடுத்துக்காட்டப்படுகிறது. காலப்போக்கில் அம்மையம் எலிக்காய்ச்சலுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாகவும் உயர்ந்தது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மைய அரசு தொடங்கிய எலிக்காய்ச்சல் தடுப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டோடு அந்தமான் நிக்கோபாரும் இடம்பெற்றது.

*காய்ச்சல் தணிந்த பிறகு*

காய்ச்சல் தணிந்து நோயாளி வீடு திரும்பியதோடு கதை முடிவதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. பெரும்பாலோரின் சிறுநீரகம் சில வாரங்களில் பழைய நிலைக்கு மீள்வது உண்மையே. ஆனால் எல்லோருக்கும் அவ்வாறு நேர்கிறதா? 2015இல் தைவானிலிருந்து வெளியான மக்கள்தொகை ஆய்வு, முன்பு இத்தொற்றுக்கு உள்ளானவர்களின் சிறுநீரக வடிகட்டும் திறன், உள்ளாகாதவர்களைவிடக் குறைவாக இருந்ததைக் காட்டியது. நுண்குழல்களிடையே எஞ்சும் அழற்சி, வடுவாகி, மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைச் சுருக்கக்கூடும் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. வெப்பமண்டல உழவர்களிடையே நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இன்றித் தோன்றும் நாட்பட்ட சிறுநீரக நோயின் காரணங்களைத் தேடுவோர் இதையும் ஓர் ஐயமாகப் பட்டியலிட்டுள்ளனர்.

தீவுகளில் சிறுநீரகத்திற்கு வேறொரு அச்சுறுத்தலும் வளர்ந்துள்ளது. தென்னையும் தாழையும் மீனும் பன்றியும் கொண்டு வாழ்ந்த கார் நிக்கோபார் பழங்குடியினரிடையே நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பது வெளிப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அவர்களின் கடலோர ஊர்களையும் தென்னந்தோப்புகளையும் வாரிச் சென்றது. பங்கீட்டு அரிசியும் கடைப் பண்டமும் வாழ்வில் முன்னிலும் கூடுதலாகப் புகுந்தன. நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு நீரிழிவும் உயர் அழுத்தமுமே உலகெங்கும் தலையாய காரணங்கள்.

நாட்பட்ட நோயில் உப்புக் கணக்கு எலிக்காய்ச்சலின் தொடக்க நிலைக்கு நேர் எதிராகத் திரும்புகிறது. வடிகட்டும் திறன் மூன்று மாதங்களுக்கு மேலாக நிமிடத்திற்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழ் நின்றால் அது நாட்பட்ட நோய். தொடக்கத்தில் எஞ்சிய நுண்குழல்கள் கூடுதலாக உழைத்துக் கணக்கை நேர்செய்கின்றன. நோயாளி எதையும் உணர்வதில்லை. திறன் முப்பதுக்குக் கீழ் சரியும்போது பொட்டாசியம் தேங்கத் தொடங்குகிறது. பைகார்பனேட் குறைந்து குருதி அமிலத்தன்மை அடைகிறது. அந்த அமிலம் உயிரணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. பாஸ்பேட் ஏறுகிறது, கால்சியம் இறங்குகிறது, எலும்பு அரிக்கப்படுகிறது. சோடியமும் நீரும் தேங்கிக் காலும் முகமும் வீங்குகின்றன. சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படும் இரத்த அழுத்த மருந்துகளுள் சிலவும் பொட்டாசியத்தை உயர்த்தும் என்பதால், மருத்துவர் இடைவிடாது அளந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் தீவின் இளநீர் இரு முகம் காட்டுகிறது. 100 மில்லிலிட்டர் இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் உப்பிழந்தவருக்கு அது தாய்ப்பால் போன்றது. சிறுநீரகம் நாட்பட நலிந்தவர் அதே காயை ‘சூட்டைத் தணிக்கும்’ என்று நம்பி நாளுக்கு இரண்டு பருகினால், மறுநாள் இதயத் துடிப்பு வரைபடத்தில் அலைகள் கூர்ந்து உயர்ந்து நிற்கும். உப்பைக் குறைக்கச் சொன்னதால் சிலர் நாடும் மாற்று உப்பிலும் சோடியத்திற்குப் பதிலாகப் பொட்டாசியமே இருப்பதுண்டு. நோயாளியின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிடலாகாது. தலைமுறை தலைமுறையாய் உண்மையாயிருந்த ஓர் உணவறிவு, ஒரே ஒரு நோய்நிலையில் மட்டும் பொய்யாகிறது. அந்த விலக்கை யாரேனும் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

*கடலின் அகலம்*

தமிழகத்தில் இத்தகைய நோயாளிகளுக்கான வழி 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்தது. இந்தியாவின் தொடக்ககாலக் குருதிச் சுத்திகரிப்பு அங்கே நடைபெற்றது. 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேயே. அந்தமானிலிருந்து அந்த வழிக்கு இடையே கடல் கிடந்தது. போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். கப்பலில் மூன்று நாள்கள் வரை. சுத்திகரிப்பு வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் செய்யப்பட வேண்டியது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எனவே சுத்திகரிப்பு தேவைப்பட்டவர் ஊரைவிட்டே வந்து, சென்னையிலோ வேலூரிலோ கொல்கத்தாவிலோ வாடகை அறையில் குடியிருக்க நேர்ந்தது. நிலமும் மாடும் தொழிலும் தீவில், உயிர் பெருநிலத்தில்.

இன்று போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்ற புதிய பெயரில், ஜி.பி. பந்த் மருத்துவமனையையும் அதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரியையும் கொண்டுள்ளது. 2016இல் தொடங்கிய தேசியச் சுத்திகரிப்புத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சையை ஏழைகளுக்குக் கட்டணமின்றித் தருவதை நோக்கமாகக் கொண்டது. எனினும் 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் மக்கள் முப்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறி வாழும் நிலப்பரப்பு இது. திக்லிபூரிலிருந்து தலைநகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் விரிகுடாவிலிருந்து கடல்வழியே 500க்கும் மேல். கடல் கொந்தளிக்கும் மாதங்களே எலிக்காய்ச்சலின் மாதங்களும்.

ஆகவே, சிகிச்சை எட்டாத இடத்தில் தடுப்பும் முன்னறிதலுமே சிகிச்சை. வயலில் இறங்குவோருக்குக் காலணி, மழைக்காலக் காய்ச்சலுக்கு முதல் நாளிலேயே எலிக்காய்ச்சல் என்ற ஐயம், தொற்றிலிருந்து மீண்டவருக்குச் சில மாதங்களுக்குப் பின் ஒரு கிரியேட்டினின் சோதனை, எந்தத் தீவின் சிற்றாரோக்கிய நிலையத்திலும் பொட்டாசியத்தை அளக்கும் ஒரு சிறு கருவி. இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று.

அந்தமானின் மருத்துவ வரலாறு சொல்வதும் அதுவே. இத்தீவுகளில் அறிவு இல்லாமையால் மட்டும் மக்கள் மடியவில்லை. இருந்த அறிவு கைமாறாமையாலும் மடிந்தனர். கைதிகளைப் பற்றிய அறிவு கைதிகளோடு முடிந்ததாகக் கருதப்பட்டது. அவர்கள் வெட்டிய வரப்புகளில் பின்னர் நடந்தவர்களும் அதே நீரில்தான் நின்றனர். 1931இல் அச்சான ஓர் ஆய்வேடு, 1988இல் காய்ச்சலோடு படுத்த ஓர் உழவரின் படுக்கையருகே வந்து சேர ஐந்து மழைக்காலங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. அந்த ஐந்து மழைக்காலங்களில் இறந்தவர்களுக்கு, அந்தமான் வரலாற்றில் செல்லுலர் சிறையின் பெயர்ப்பலகைகளைப் போல ஒரு பலகை எங்கும் இல்லை.